லீற்றருக்கு ஆறு கிராம்

முதல் தடவை சத்தமே வரவில்லை.
மூடியைக் கழற்றினேன்,
கிளாசில் ஊற்றினேன்,
தேங்காயெண்ணெய் மாதிரி இறங்கியது.
நல்ல பொன்னிறம். கசப்பும் சரி.
மெற்றில்டா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள்:
"உதுக்கு உயிரில்லை."

ஆறு கிழமை குளிருக்குள் வைத்திருந்தேன்.
இழுத்து மூடிய ஐஸ்கிறீம் கடையொன்றில்
அரைவிலைக்கு வாங்கிய பெட்டி,
கொம்பிறசரை நானே மாற்றினது.
வெளியே பாசையூர், முப்பத்திமூன்று பாகை.
உள்ளே ஒன்று.
பியர் தெளிந்தது, கண்ணாடியா பியரா என்று
சந்தேகம் வரும்வரை தெளிந்தது.
அந்தத் தெளிவுதான் பிழை என்று அப்போது தெரியாது.
மதுவம் முழுவதும் அடியில் இறங்கிப்
பாய் விரித்துப் படுத்துவிட்டது.
போத்தலுக்குள் போட்ட சீனியைத் தின்ன
ஆளில்லை.

இரண்டாம் தடவை கோபத்தோடு செய்தேன்.
கோபக்காரன் கரண்டியால் அளப்பான்.
போத்தலுக்கொரு குவிச்ச கரண்டி,
சிலதுக்கு ஒன்றரை.
நீரமானி இன்னும் தாழ்ந்துகொண்டேயிருந்தது,
நாலு நாள் பொறு என்று அது சொன்னதை
நான் காதில் வாங்கவில்லை.

பதினோராம் நாள். இரவு இரண்டேகால்.

ஒன்று வெடித்தது.
பக்கத்தில் நின்றதையும் கூட்டிக்கொண்டு இன்னொன்று.
பிறகு மூன்று ஒன்றாக.

நான் எழும்பியபோது மெற்றில்டா கட்டிலில் இல்லை.
கட்டிலுக்குக் கீழே கிடந்தாள்,
இரண்டு கையாலும் காதைப் பொத்தி
வாயைச் சாதுவாகத் திறந்து,
ஏழு வயதில் பழக்கிவிட்டபடி.
நித்திரை கலையவில்லை அவளுக்கு.
உடம்பு தனியே இறங்கிப் போயிருந்தது.

யன்னலால் பார்த்தேன்.
ஒழுங்கையில் எரிந்த மூன்று லைற்றும்
ஒவ்வொன்றாக அணைந்தன.
ஒருவரும் கதவு திறக்கவில்லை.
நாய்கூடப் பிந்தித்தான் குரைத்தது.

விடிய, குசினி முழுக்கப் புளித்த மணம்.
மாக்கோப்பை டின்னில் மண்ணிறக் கண்ணாடி
குத்தி நின்றது, இரண்டு விரல் நீளம்.
மீன் வாங்கப் போன இடத்தில் டொறினக்கா
"ராத்திரி ஏதோ…" என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"சூடை என்ன விலை?" என்று முடித்தா.

அன்று பின்னேரம் வீடு வீடாகப் போனேன்.
பியர். பியர்தான். சீனி கூடிப்போச்சு.
அருளப்பண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.
சிரித்து முடிந்த பிறகும்
தேத்தண்ணிக் கோப்பை அவர் கையில் ஆடியது.

மூன்றாம் தடவைக்குத் தராசு வந்தது.
மெற்றில்டாவுக்கு அடகுப் பிரிவில் வேலை,
காப்பும் தோடும் நிறுத்துக் களைத்துக்
கழித்துவிடப்பட்ட தராசு.
"கரண்டியைத் தொட்டால் நான் அம்மா வீட்டை போவன்."

நீரமானி மூன்று நாள் ஒரே கோட்டில் நிற்கும்வரை
கைகட்டிக்கொண்டு இருந்தோம்.
பத்தொன்பது லீற்றர்.
லீற்றருக்கு ஆறு கிராம். நூற்றிப்பதினாலு.
பதினைந்து காட்டியபோது
நகத்தால் கொஞ்சம் திருப்பி எடுத்தாள்.
கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு,
வாளி முழுவதுக்கும் பொதுவாய்க் கலந்தோம்,
ஒரு போத்தலுக்கும் ஓரவஞ்சனை இல்லை.
களைத்துப்போன பழசுகளை நம்பாமல்
புது மதுவம் ஒரு நுள்ளு.

ஒரு போத்தல் மட்டும் பிளாஸ்ரிக்.
அது எங்கள் ஒற்றன்.
வேலைக்கு வெளிக்கிட முன் பெருவிரலால் அமத்திப் பார்ப்பாள்,
கறுத்தக் கொழும்பான் பார்ப்பதுபோல.
முதல் நாள் குழைந்தது.
ஐந்தாம் நாள் பந்து.
மற்றதெல்லாம் குளியலறையில்,
மரப்பெட்டிக்குள், சாக்குக்குக் கீழே,
சாக்குக்கு மேலே என் ஆயுதப்பெட்டி.
ஒன்பதாம் நாள் கல்லு.
"இப்ப குளிருக்கை வை."

திறக்க முன்
மதிலால் எட்டிக் குரல் கொடுத்தாள்:
"அருளப்பண்ணை, டொறினக்கா,
ஒரு சத்தம் வரும்.
சின்னச் சத்தம்."

பிறகு நெம்பினாள்.

உஸ்.

நுரை விளிம்புவரை ஏறி
யோசித்து
அங்கேயே நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து
"அவ்வளவுதானோ?" என்றார் அருளப்பண்ணை,
ஏமாந்தவர்போல.